நேவ்ஸ் டாப்பிகல் பைபிள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பெரம்பூரில் தாத்தா வீட்டைக் காலி செய்தபோது தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. நேவ்ஸ் டாப்பிகல் பைபிள். தாத்தா உபதேசியாராக இருந்தவர். பொறுமை, கடன், சிநேகம் என்று தலைப்புகளை அகரவரிசையில் போட்டு, கீழே வசனங்களை அடுக்கியிருக்கிறார்கள். ஓரமெல்லாம் தாத்தாவின் பென்சில் எழுத்து, தமிழில். அட்டை கழன்றுவிட்டது. "போனில் தேடினால் நொடியில் வசனம் வருமே, இது எதற்கு?" என்கிறான் மகன். இதற்கு விலை உண்டா? அடுத்த மாதம் பெண்கள் ஐக்கியத்தில் சிநேகத்தைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு இது உதவுமா?

ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம். 1890களில் அமெரிக்காவில் வந்த புத்தகம் இது. அதன்பின் பலமுறை அச்சாகியிருக்கிறது, இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது.

உங்கள் மகன் கேட்டது நல்ல கேள்வி. போன் சொல்லைத் தேடித் தரும். 1737இல் லண்டனில் அலெக்சாண்டர் குரூடன் வெளியிட்ட கன்கார்டன்ஸும், அதாவது எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் அகராதியும், அதே வேலையைத்தான் செய்தது. ஆர்வில் நேவ் எடுத்துக்கொண்ட வேலை வேறு. அவர் அமெரிக்க ராணுவத்தில் சாப்ளின், அதாவது படைவீரர்களுக்கான போதகர். மனைவியின் துணையோடு 14 வருஷம் உழைத்து, 20,000க்கும் மேற்பட்ட தலைப்புகள், உட்தலைப்புகளின் கீழ் வசனங்களை வகைப்படுத்தினார். ஒவ்வொரு வசனத்தையும் படித்து, இது எதைப் பற்றியது என்று ஒரு மனிதர் யோசித்திருக்கிறார்.

சிநேகம் என்ற தலைப்பையே பாருங்கள். ரூத்தும் நகோமியும் அங்கே இருப்பார்கள். "நீர் போகும் இடத்திற்கு நானும் வருவேன்" என்ற வசனத்தில் சிநேகம் என்ற சொல்லே கிடையாது. அந்தச் சொல்லைப் போட்டு போனில் தேடினால் இது வராது. மாமியாரும் மருமகளும் சிநேகிதிகள் என்று கண்டது நேவின் வாசிப்பு. எனக்கு அது மிகவும் பிடித்த வாசிப்பு.

ஆனால் அவர் தருவது ரூத் முதல் அதிகாரத்தின் 16, 17ஆம் வசனங்களை மட்டும்தான். அதோடு நின்றுவிடாதீர்கள், தமிழ் வேதாகமத்தை எடுத்து அதிகாரத்தை முடிவுவரை வாசியுங்கள். பெத்லகேமுக்கு வந்து சேர்ந்ததும் ஊர்ப் பெண்களிடம் நகோமி என்ன சொல்கிறாள்? நிறைவுள்ளவளாய்ப் போனேன், கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பிவரப்பண்ணினார் என்கிறாள். எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கூடவே வந்த ரூத் அதே ஊரில் இருக்கும்போதுதான் இந்தப் பேச்சு. 'நான் இருக்கிறேனே' என்று ரூத் கேட்டதாக எங்கும் இல்லை. அடுத்த அதிகாரத்தில் கதிர் பொறுக்கக் கிளம்புகிறாள், சாயங்காலம் நகோமிக்கும் சாப்பாடு கொண்டுவருகிறாள். துக்கத்தில் இருப்பவர் நம்மைக் கவனிக்காதபோதும் கூட நிற்பது என்றால் என்ன என்று உங்கள் பெண்கள் ஐக்கியத்தில் பேச இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. தனி வசனத்தில் இது கிடைக்காது.

இந்த வகைப் புத்தகத்தின் ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. நேவ் பல வசனங்களை முழுசாகவே அச்சிட்டுவிடுவதால் வேதாகமத்தைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. வருஷப் பிறப்பு ஆராதனையில் வாங்கிவரும், ஒற்றை வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையிலும் இதுதான் நடக்கிறது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற எரேமியா 29:11 எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! எங்கள் வீட்டிலும் உண்டு, அது தந்த ஆறுதல் உண்மையானது. ஆனால் அதற்கு முந்தின வசனத்திலேயே பாபிலோனில் 70 வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. அதைக் கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்கவே மாட்டார்கள். அது தெரிந்தபின் அந்த ஆறுதல் எனக்கு இன்னும் கனமாகத்தான் ஆனது.

அதனால் தலைப்பைப் பார்க்க நேவ், வாசிக்க வேதாகமம். அப்புறம், தாத்தாவின் குறிப்புகள். நேவ் விட்ட வசனங்களை அவர் ஓரத்தில் சேர்த்திருக்கலாம், எந்தத் தலைப்பில் என்றைக்குப் பிரசங்கம் செய்தார் என்று எழுதியிருக்கலாம். அச்சுப் பிரதி எங்கேயும் கிடைக்கும், இது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. விற்காதீர்கள். பின்னால் வைத்துக்கொள்ள முடியாமல் போனால், கீழ்ப்பாக்கம் குருகுல் போன்ற இறையியல் கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

அந்தக் காலத்து மரக்கூழ்க் காகிதம் பழுத்து நொறுங்கும். செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷனும் வேண்டாம். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியைத் தவிருங்கள், ராமபாணப் பூச்சிக்கு அது தோதான இடம். பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் பென்சில் எழுத்துள்ள பக்கங்களையெல்லாம் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வேலையை மகனிடமே கொடுக்கலாம். பைண்டரிடம் ஓரத்தை வெட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். சமப்படுத்துகிறேன் என்று கத்தி வைத்தால் தாத்தாவின் எழுத்துதான் முதலில் போகும்.