ஜெபக் கூட்டமா, அரசியல் கூட்டமா?

கேள்வி: நாகர்கோவிலில் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன் நான். என் மனைவி தூத்துக்குடிக் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இருவரும் வட அயர்லாந்தின் ஆர்மா பகுதியில் வேலை பார்க்கிறோம். நான் ஞாயிறுதோறும் ஆராதனைக்குச் செல்வதைக் கவனித்த பக்கத்து வீட்டுப் பெரியவர், தம்முடைய ஆரஞ்சு லாட்ஜில் சேரும்படி அழைக்கிறார். வேதம் வாசிப்போம், ஜெபிப்போம், ஜூலையில் ஊர்வலம் போவோம் என்கிறார். மனைவியோ, அது அரசியல் கூட்டம், வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் உண்மைதான் என்பதே உங்கள் சிக்கல். லாட்ஜ் என்றதும் நமக்குப் பேருந்து நிலையத்தருகே அறை வாடகைக்கு விடும் கட்டடம் நினைவுக்கு வரும். அங்கே அது, ஆரஞ்சு சங்கம் (Orange Order) என்ற புராட்டஸ்டன்ட் அமைப்பில் உறுதிமொழி ஏற்ற சகோதரர்களின் கிளை. உறுப்பினருக்கு வேண்டிய ‘தகுதிகள்’ என்று அவர்கள் வகுத்திருப்பவற்றில் பெரும்பகுதி, அதாவது இயேசு கிறிஸ்து ஒருவரே மத்தியஸ்தர் என்ற விசுவாசம், வேதாகமத்தைப் படித்துப் போற்றுதல், ஓய்வுநாளை ஆசரித்தல் முதலியவை, நீங்கள் ஞாயிறு பள்ளியில் கேட்டவைதான். ஊர்வல நாளான ஜூலை 12 ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் ஊர்வலத்தைத் திங்களுக்குத் தள்ளிவைக்கும் அளவுக்கு இதில் அவர்கள் கண்டிப்பானவர்கள்.

ஆனால் அதே தகுதிகள், ரோமன் சபையின் போதனைகளை முனைந்து எதிர்க்க வேண்டும், கத்தோலிக்க வழிபாட்டுக்கு உடனிருந்துகூட ஆதரவு காட்டக் கூடாது என்றும் சொல்கின்றன. கத்தோலிக்கச் சகோதரர்களைப் பற்றி அன்பற்ற சொல்லோ செயலோ கூடாது என்ற வரியும் அங்கேயே இருக்கிறது; அதை மனதார மதிக்கும் உறுப்பினர்கள் பலர், உங்கள் பெரியவரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். எனினும் முன்னே சொன்ன தடையும் ஏட்டுச் சுரைக்காயாக இருந்துவிடவில்லை. சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஃபீலிம் ஓநீல் 1968-இல் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டதற்குக் காரணம், அவர் ஒரு கத்தோலிக்க வழிபாட்டில் கலந்துகொண்டதுதான். கத்தோலிக்கரை மணந்தவர்கள் நீக்கப்பட்டதும் உண்டு.

அரசியலுக்கு வருவோம். இச்சங்கம் பிறந்ததே நீங்கள் வசிக்கும் ஆர்மாவில்தான். 1795 செப்டம்பரில் லாக்கால் என்ற ஊருக்கு அருகே புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கக் கும்பல்களுக்கிடையே நடந்த மோதலின் கையோடு அது தொடங்கப்பட்டது. 1690-இல் பாய்ன் ஆற்றங்கரையில் கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸைத் தோற்கடித்த ஆரஞ்சு வம்சத்துப் புராட்டஸ்டன்ட் மன்னர் வில்லியமின் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். (அந்த வில்லியமுக்குக் கத்தோலிக்க ஸ்பெயினும் ஆஸ்திரியாவும் கூட்டாளிகள் என்பதை ஊர்வலப் பதாகைகளில் தேடினால் கிடைக்காது.) அவர்களுடைய ராஜவிசுவாசம் எந்த மன்னருக்கும் உரியதன்று, புராட்டஸ்டன்டாக இருக்கும் மன்னருக்கே உரியது. மதமே அந்த விசுவாசத்தின் நிபந்தனை என்பதால், உங்கள் பெரியவர் சொல்லும் ஜெபத்தையும் உங்கள் மனைவி சொல்லும் அரசியலையும் தனித்தனியே பிரித்தெடுக்க வழியில்லை.

இந்த விசுவாசத்தை அரசே சில சமயம் சந்தேகித்திருக்கிறது. மன்னரின் சொந்தச் சகோதரரான கம்பர்லண்ட் கோமகன் தலைவராக இருந்தபோதே, நாடாளுமன்ற விசாரணைக்குப் பின் 1836-இல் சங்கம் தன்னைக் கலைத்துக்கொள்ள நேர்ந்தது. பிறகு மீண்டும் எழுந்தது. அயர்லாந்துக்குத் தன்னாட்சி என்ற பேச்சு வந்தபோது, அதை எதிர்த்துப் பெரும் பலம் பெற்றது. பிரிட்டனுடன் இணைந்தே இருக்க விரும்பியவர்கள் 1905-இல் அமைத்த அல்ஸ்டர் யூனியனிஸ்ட் கவுன்சிலில் அதற்கு இருந்த பிரதிநிதித்துவம் 2005 வரை நீடித்தது. 1921 முதல் 1972 வரை வட அயர்லாந்தின் பிரதமர்களாக இருந்த ஆறு பேரும் ஆரஞ்சு உறுப்பினர்கள். அவர்களில் முதலாமவரான ஜேம்ஸ் கிரெய்க், தாம் முதலில் ஆரஞ்சுக்காரர், அதன் பிறகே அரசியல்வாதி என்று 1934-இல் அவையிலேயே அறிவித்தார். வட அயர்லாந்தின் மோதலுக்கு முடிவு காண 1998-இல் ஏற்பட்ட சமாதான உடன்படிக்கையையும் சங்கம் எதிர்த்தது.

ஆகவே, நீங்கள் சேர வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்கு அரசியலைவிட உங்கள் வீடுதான் காரணம்: நாளை மனைவியின் குடும்பத்தில் ஒரு திருமணமோ நினைவுத் திருப்பலியோ வந்தால், நீங்கள் அவர் பக்கத்தில் அமர்வது விதிமீறலாகிவிடும். பெரியவரிடம் அந்தத் ‘தகுதிகள்’ அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கி, மனைவியுடன் சேர்ந்து படியுங்கள். பிறகு, உங்கள் மனைவி கத்தோலிக்கர் என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லி, அழைப்பை மறுத்துவிடுங்கள். அதன் பிறகும் அவர் தேநீருக்குக் கூப்பிட்டால் இருவருமாகவே போய் வாருங்கள்.