மடிப்பின் கோடு

அன்புள்ள அக்கா,
யாழ்ப்பாணத்தில் நுண்கலை படிக்கிறேன். பஸ்ஸிலும் ஒழுங்கையிலும் அங்கசேட்டைக்கு ஆளான பெண்கள் அன்றைக்குப் போட்டிருந்த உடுப்புகளைச் சேர்த்து, கொடியில் தொங்கவிட்டுக் கண்காட்சி வைக்கப்போகிறேன். இதுவரை 11 கிடைத்திருக்கின்றன. எல்லாமே அடக்கமான உடுப்புகள்தான். இது கலை இல்லை, சுலோகம், அதுவும் வெளிநாட்டுக் கொப்பி என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

கொப்பி என்பவர்களை விடும். பெங்களூரில் ஜாஸ்மீன் பதேஜா 2003இல் தொடங்கிய ‘பிளாங்க் நாய்ஸ்’ என்ற அமைப்பு இப்படி உடுப்புகளைச் சேர்த்திருக்கிறது. மட்டக்களப்பில் ஓவியர் வாசுகி பெண்கள் மீதான வன்முறையை எத்தனையோ வருடமாக வரைகிறார். கலையா சுலோகமா என்பது பார்க்க வருகிறவர்கள் பாடு.

ஆனால் அந்த ஒரு வரியை ஏன் எழுதினீர்? ‘எல்லாமே அடக்கமான உடுப்புகள்தான்.’ வாசித்ததும் கோபம் வந்தது. யாருக்குச் சாட்சி சொல்கிறீர்? நாளைக்கு ஒருத்தி குட்டைப் பாவாடையைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புவீரா? அவளைத் தொட்ட கை மட்டும் நியாயமான கையா?

2012இல் வன்கூவரில் ரோசியா லேக் என்ற மாணவி ஒரு புகைப்படம் எடுத்தார். பாவாடையை உயர்த்திப் பிடித்து நிற்கும் ஒரு பெண்ணின் கால். அதில் அளவுகோல் மாதிரிக் கோடுகள், கோட்டுக்கு ஒரு சொல். உச்சியில் ‘வேசை’. எல்லோரும் அதைத்தான் பேசுவார்கள். நீர் கீழே பாரும். கெண்டைக்காலிலும் ஏச்சுத்தான், ‘கிழவி மாதிரி’ என்று. நீளமாகப் போட்டவளுக்கும் தப்ப வழியில்லை.

போன கிழமை அம்மாவின் தையல் பெட்டியை ஒதுக்கும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்று வயதில், பருத்தித்துறை பஸ்ஸில் எனக்கு நடந்ததை வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா கேட்ட முதல் கேள்வி, “பள்ளிக்கூடச் சட்டையோடதானே வந்தனி?” பிறகு ஒன்றும் பேசவில்லை. இரவு விளக்கடியில் இருந்து, என் வெள்ளைச் சட்டையின் கீழ்மடிப்பைப் பிரித்து, இரண்டு அங்குலம் இறக்கித் தைத்தார். கை நடுங்கி இரண்டு தரம் ஊசி குத்தியது. பாவம், வேறு என்ன செய்ய என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு விழுந்துவிட்டது. எத்தனை தரம் தோய்த்து நீலம் போட்டாலும் அது போகவில்லை. அந்த வருடம் முழுக்க அந்தக் கோட்டோடுதான் பள்ளிக்கூடம் போனேன். அதே பஸ்ஸில். அவனும் வந்தான்.

கண்காட்சிக் குறிப்பில் அந்த வரி இருந்தால் எடுத்துவிடும். உடுப்புத் தந்த பிள்ளைகளின் பெயரை எங்கேயும் எழுத வேண்டாம், எங்களுடையது சின்ன ஊர். சரி, நாள் குறித்ததும் அறிவியும். நானும் ஒரு சட்டை கொண்டுவருகிறேன். அம்மா இறக்கித் தைத்தது இப்போது இல்லை. இது பிறகு, நல்லூரில் ஒரு கலியாணத்துக்குப் போட்டது. கையில்லாதது.