இருமினால் கசிகிறது, பிசியோதெரபி எதற்கு?

கேள்வி: வயது 43. இரண்டு சுகப்பிரசவம். இருமினால், தும்மினால், குனிந்து எதையாவது தூக்கினால் சிறுநீர் கசிந்துவிடுகிறது. வீடியோ பார்த்து, சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கி விடும் கீகல் பயிற்சி செய்கிறேன். சிறுநீர் போகும்போதே பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகுகிறேன். பலன் இல்லை. டாக்டர் பிசியோதெரபிக்குப் போகச் சொல்கிறார். கைகால் வலிக்குத்தானே பிசியோதெரபி?

பதில்: முதல் வேலையாக, அந்தப் பாதியில் நிறுத்தும் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். எந்தத் தசை என்று கண்டுபிடிக்க ஒருமுறை செய்து பார்த்தது சரி, அதையே தினப்படி பழக்கமாக்கினால் சிறுநீர்ப்பை முழுசாகக் காலியாகாமல் போகலாம், அப்புறம் தொற்று வேறு வரும்.

இடுப்பெலும்பின் முன்பக்கத்திலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளி கட்டிய மாதிரி ஒரு தசைக்கூட்டம் இருக்கிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது அதுதான். பிரசவத்தில் அது இழுபட்டுத் தளர்ந்திருந்தால், இருமும்போது வயிற்றுக்குள் ஏறும் அழுத்தத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் கசிகிறது. தோள் தசைக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்டுகளில் இதற்கென்றே தனியாகப் பயின்றவர்களும் உண்டு, அவர்களிடம்தான் டாக்டர் உங்களை அனுப்புகிறார்.

வீடியோ பார்த்துச் செய்பவர்களில் பலர் தொடையையும் பிட்டத்தையும் இறுக்குகிறார்கள், மூச்சைப் பிடிக்கிறார்கள், சிலர் மேலே இழுப்பதற்குப் பதில் மலம் கழிக்க முக்குவது போல் கீழே தள்ளுகிறார்கள். இது நிலைமையை மோசமாக்கும். 1948இல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதிய அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கீகல், தசை சரியாகச் சுருங்குகிறதா என்று பார்க்க அழுத்தம் அளக்கும் கருவி ஒன்றையும் கையோடு பயன்படுத்தினார். அவர் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு, சரிபார்ப்பதைக் கழற்றிவிட்டோம்!

பிசியோதெரபிஸ்ட் முதலில் அந்தச் சரிபார்ப்பைத்தான் செய்வார். கையுறை அணிந்து பிறப்புறுப்பு வழியாக விரலால் சோதிப்பது வழக்கம், உங்கள் சம்மதம் இல்லாமல் செய்யமாட்டார்கள், வேண்டாம் என்றால் வெளியிலிருந்து ஸ்கேனில் பார்க்கும் வழியும் இருக்கிறது. சிலருக்குத் தசை தளர்ந்திருக்காது, எப்போதும் இறுகியே இருக்கும். அவர்கள் மேலும் இறுக்கினால் வலிதான் மிஞ்சும், அவர்களுக்குத் தளர்த்தக் கற்றுக்கொடுப்பதே சிகிச்சை.

உங்களுக்குப் பொதுவாகச் சொல்வது: வாயுவையும் சிறுநீரையும் ஒரே சமயம் அடக்குவது போல் உள்ளே மேல்நோக்கி இழுங்கள், சாதாரணமாக மூச்சு விட்டபடியே சில விநாடி பிடியுங்கள், பிறகு முழுசாக விடுங்கள். ஒரு வேளைக்கு குறைந்தது 8 முறை, நாளைக்கு 3 வேளை, 3 மாதமாவது. தசை வலுப்பெற அவ்வளவு நாள் ஆகும், இரண்டே வாரத்தில் சலித்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, தும்மல் வருகிறது என்று தெரிந்ததுமே முன்கூட்டி இறுக்கிப் பழகுங்கள், அது சீக்கிரமே கைகொடுக்கும். மலச்சிக்கலையும் சரிசெய்யுங்கள், தினமும் முக்கினால் செய்த பயிற்சியெல்லாம் வீண்.

கேள்வி: புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு எனக்குச் சிறுநீர்க் கசிவு. இந்தப் பயிற்சி பெண்களுக்கு மட்டும்தானா?

பதில்: இல்லை ஐயா, அந்தத் தசை உங்களுக்கும் இருக்கிறது. விதைப்பையை மேலே தூக்குவது போல் இழுத்துப் பாருங்கள், தசை எது என்று பிடிபடும். புராஸ்டேட்டை அகற்றிய பிறகு கசிவது சகஜம்தான், பெரும்பாலோருக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும். கசிகிறதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள், சிறுநீர் அடர்த்தியானால் சிறுநீர்ப்பை இன்னும் எரிச்சலாகும். காபியை வேண்டுமானால் குறையுங்கள். சிறுநீரில் ரத்தம், திடீரென்று போகவே முடியாத நிலை, தொடை இடுக்கில் மரத்துப்போவது, இதில் எது வந்தாலும் பயிற்சியை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.