அழுகையை விடுங்கள், நகையைப் பற்றிப் பேசுவோம்

கேள்வி: எனக்கு 56 வயது. கணவர் தவறி எட்டு மாதம் ஆகிறது. அரசாங்க மருத்துவமனையில் ஐந்து முறை கவுன்சலிங் போயிருக்கிறேன். போய்வந்த அன்றெல்லாம் அழுகைதான். எதற்காக இருக்கிறோம் என்றே தோன்றுகிறது. பேசப் பேச மனம் இன்னும் கெடும் என்று யூடியூப்பில் ஒருவர் சொல்கிறார். படபடப்பு, தலைசுற்றல், முடி கொட்டுவது எல்லாம் உண்டு. தூக்கத்துக்கு பிரிட்டோன் போடுகிறேன். கவுன்சலிங்கை நிறுத்திவிடலாமா? நகைகளை மகள்களுக்குப் பிரித்துக் கொடுத்தாயிற்று, என் பொறுப்பு முடிந்தது. - செந்தூல் வாசகி, மலேசியா

பதில்: அந்தக் கடைசி வரியைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள் அம்மா. எனக்கு அதுதான் முதல் வரி. பிள்ளைகளுக்கு நகை கொடுப்பது ஊரில் நடப்பதுதான். ஆனால் எதற்காக இருக்கிறோம் என்று கேட்கிற அதே கடிதத்தில் அது வந்தால் நான் கேட்டே ஆக வேண்டும்: உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா? எப்படி, எப்போது என்றுகூட யோசித்தீர்களா? இப்படிக் கேட்பதால் புதிதாக அந்த எண்ணம் வந்துவிடாது.

ஆமாம் என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். இன்றே ஒரு மகளைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். நடுராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால், மனம் விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வாயைத் திறக்காதவர்கள் நம்மில் நிறையப் பேர். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை 2023-லேயே நீக்கிவிட்டார்கள். அப்படி எண்ணம் இல்லை என்றாலும் நகை விஷயத்தைக் கவுன்சலரிடம் சொல்லுங்கள். இதுவரை சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

சரி, அழுகைக்கு வருவோம். பதினாறாம் நாள் காரியம், இபிஎஃப் (சேமநிதி) பணம், வீட்டுப் பெயர்மாற்றம் என்று ஓடியவர்களுக்கு அழவே நேரம் இருந்திருக்காது. அடக்கி வைத்தது இப்போது வெளியே வருகிறது. கவுன்சலிங் போய்வந்து ஓரிரு நாள் மனம் கனப்பது சகஜம். வாரம் முழுக்க அப்படியே கிடந்தால் அதையும் கவுன்சலரிடம் சொல்ல வேண்டும்.

ஆரன் அன்டோனோவ்ஸ்கி என்ற சமூகவியலாளர், நாஜி முகாம்களிலிருந்து மீண்ட பெண்களிலும் சிலர் நல்ல மனநலத்தோடு இருந்ததைக் கண்டு காரணம் தேடினார். நடப்பது எனக்குப் புரிகிறது, சமாளிக்க வழி இருக்கிறது, இதற்காகப் பாடுபடலாம் என்கிற மூன்று உணர்வுகளும்தான் ஆளைத் தாங்குகின்றன என்றார். நான் பார்த்தவரை கவுன்சலிங்கில் இவை ஒன்றாக வருவதில்லை. முதலில் கொஞ்சம் புரியும், அப்புறம் சமாளிக்க வரும். நீங்கள் கேட்கும் ‘எதற்காக’ பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. அதைக் கவுன்சலர் எடுத்துக் கையில் கொடுக்கவும் முடியாது. அதனால் எத்தனை முறை அழுதீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். இருவருக்கு அளந்த டின்னில் ஒருவருக்கு அரிசி அளக்க முடிகிறதா? கணவர் கட்டிவந்த கரண்ட் பில்லை நீங்களே கட்டுகிறீர்களா? போன மாதத்தைவிட இதெல்லாம் கொஞ்சம் சுலபமாகியிருந்தால் கவுன்சலிங் வேலை செய்கிறது.

முடி, பெரிய அதிர்ச்சிக்குச் சில மாதம் கழித்துக் கொட்டும். பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். படபடப்புக்கு கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க சுகாதார கிளினிக்) பிரஷர், ஈசிஜி, தைராய்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிரிட்டோன் அலர்ஜி மாத்திரை, தூக்க மருந்தல்ல. மறுநாள் தலைசுற்றலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். நிறுத்த வேண்டியது அதைத்தான், கவுன்சலிங்கை அல்ல. யூடியூப்காரர் உங்களைப் பார்த்ததுகூட இல்லை. கவுன்சலரோடு ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரைக் கேளுங்கள், மாற்றிக் கொடுப்பார்கள்.