ஸ்டீரிங் நடுக்கத்துக்கு இரட்டை ஸ்டெபிலைசர் போடலாமா?

கேள்வி: ஷார்ஜாவில் இருக்கிறேன். 2014 ஜீப் ரேங்ளர், 2.5 அங்குல லிஃப்ட் (வண்டியை உயர்த்தியிருக்கிறேன்), 35 அங்குல டயர். 90 கி.மீ. வேகத்தில் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே முன்பக்கம் வெறி பிடித்ததுபோல் உதறுகிறது. இரட்டை ஸ்டெபிலைசர் போட்டு, அதை மேலே தூக்கி மாட்டிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் கராஜ்காரர். போடலாமா?

பதில்: இப்போது வேண்டாம்.

ஸ்டெபிலைசர் சக்கரத்திலிருந்து ஸ்டீரிங்குக்கு வரும் அதிர்ச்சியைத் தணிக்கும், அவ்வளவுதான். உதறலுக்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கும்போது அதைப் பெரிதாக்குவது, ஆடுகிற கட்டில் காலுக்கு அட்டை மடித்து வைக்கிற வேலை. கராஜைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுவார்கள், அருமையாக இருக்கும். இரண்டு மாதத்தில் எமிரேட்ஸ் சாலையில் மறுபடி ஆரம்பிக்கும். அதற்குள் சக்கரம் திரும்ப உதவும் பால் ஜாயின்ட்டும் போயிருக்கும்.

முதலில் ரிம்மின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் மணலைக் கழுவி, டயரை பேலன்ஸ் செய்யுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஒருவரை ஸ்டீரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாக, விடாமல் ஆட்டச் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு நீங்கள் கீழே படுத்து டிராக் பாரின் (முன் ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சட்டத்தோடு பிடித்திருக்கும் தண்டு) இரண்டு முனைகளையும் பாருங்கள். போல்ட் துளைக்குள் துளியளவு நகர்ந்தாலும் பெரும்பாலும் அதுதான் திருடன். அந்த போல்ட்டுகளின் முறுக்கு ஏறத்தாழ 170 நியூட்டன் மீட்டர். முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் "கை கணக்கு" சொல்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள். துளையே அகன்றிருந்தால் எவ்வளவு முறுக்கியும் பயனில்லை, பிராக்கெட்டைச் சரிசெய்ய வேண்டும். லிஃப்ட் செய்ததும் காஸ்டர் கோணமும் (ஸ்டீரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்திருக்கும். அலைன்மென்ட் அளவை அச்சிட்டுக் கேளுங்கள். தரத் தயங்கினால் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

இடம் மாற்றுவது தனி விஷயம். உங்கள் மாடலில் ஸ்டெபிலைசரின் ஒரு முனை ஆக்சிலில், மறுமுனை இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடில். லிஃப்ட் செய்தாலும் இரண்டும் சேர்ந்தே நகர்கின்றன. ஆகவே "லிஃப்ட் செய்தால் மாற்றியே ஆகவேண்டும்" என்பது விற்பனைப் பேச்சு. ஹத்தா பக்கம் வாடியில் (வறண்ட ஆற்றுப் படுகையில்) கற்களில் அடிபடாமல் இருக்க டை ராடுக்கு மேலே ஏற்றுவது நல்ல யோசனைதான். மாட்டியபின் ஸ்டீரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். முழுத் திருப்பத்தை நிறுத்த வேண்டியது நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) இருக்கும் ஸ்டாப். ஸ்டெபிலைசர் அதற்கு முன்பே முட்டினால் நீளம் தப்பு. சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது டிராக் லிங்க்கிலும் (ஸ்டீரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) டிராக் பாரிலும் உரசவும் கூடாது.

கேஸ் அடைத்தது "ஹெவி டியூட்டி" என்று நீட்டுவார்கள். அழுத்தம் கூடிய கேஸ் ஸ்டெபிலைசர் தண்டைத் தானாக வெளியே தள்ளும். நேர்ச் சாலையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், அதற்கும் அலைன்மென்ட் காசு வாங்குவார்கள்.

ஸ்டெபிலைசரே குற்றவாளியான கதை ஒன்று உண்டு, அதை உங்களிடம் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். 2018 மாடல் முதல் வந்த புதிய ரேங்ளர்களில் உதறல் புகார் கிளம்பி, 2019-ல் கம்பெனியே அந்த உறுப்பை மாற்றிக் கொடுத்தது. சுமார் 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிரும்போது உள்ளே இருக்கும் எண்ணெயில் வாயுக் குமிழிகள் சேர்ந்தன என்பது காரணம். உங்களுடையது முந்தைய தலைமுறை. ஷார்ஜாவில் 4 டிகிரிக்கு எங்கே போவீர்கள்?

கடைசியாக, பாசிங், அதாவது பதிவைப் புதுப்பிக்க நடக்கும் வண்டிப் பரிசோதனை. பாசிங் அன்றைக்கு மட்டும் பழைய டயரும் ஸ்பிரிங்கும் மாட்டித் தருகிறேன் என்று சனையாவில் (கராஜ்கள் நிறைந்த தொழிற்பேட்டையில்) புரோக்கர் வருவார். விரட்டிவிடுங்கள். லிஃப்ட்டுக்கு அனுமதி வாங்கும் அலைச்சல் எரிச்சலானதுதான். டயர் உயரத்தை அளக்கிறார்கள், காகிதத்தைப் புரட்டுகிறார்கள், தேய்ந்த டிராக் பார் கண்ணில் படாமலே போகலாம். ஆனாலும் விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது லிஃப்ட்டுக்கான அனுமதியைத்தான். முல்கியாவில் (வண்டிப் பதிவு அட்டையில்) இருப்பது உங்கள் பெயர், புரோக்கர் பெயர் அல்ல.

போல்ட், அலைன்மென்ட், பேலன்ஸ் மூன்றும் முடிந்த பிறகும் உதறினால், பால் ஜாயின்ட்டையும் டை ராட் முனைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை பெரிய சாலையில் ஏற வேண்டாம்.