நல்லூருக்கு வரமாட்டேன் என்கிற மகன்

கேள்வி: மகனுக்குப் பதின்மூன்று வயது. பிறந்து வளர்ந்தது கொழும்பு வெள்ளவத்தையில். நல்லூர்த் திருவிழாவுக்குப் போவோம் என்றால், 'அங்கே எனக்கு யாரையும் தெரியாது' என்கிறான். அப்பப்பாவின் வீடே அவனுக்கு அந்நியமாகிவிட்டதே என்று கணவர் மனம் நொந்து போயிருக்கிறார். கட்டாயப்படுத்திக் கூட்டிப் போவதா, விடுவதா?
– வாசகி, வெள்ளவத்தை

கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் போகிற விதத்தை மாற்றுங்கள்.

மகன் சொல்வது உண்மைதானே? போய் இறங்கியதும் சொந்தக்காரர் சூழ்ந்து நின்று 'என்னைத் தெரியுதோ?' என்று கேட்பார்கள். பிறகு பெரியவர்கள் காணி, கலியாணம் என்று கதைக்கத் தொடங்க, பிள்ளை ஒரு மூலையில் போனோடு இருப்பான். திரும்பி வரும்போது அவனுக்கு ஞாபகத்தில் நிற்பது வெயிலும் நுளம்பும்தான்.

இரவு பஸ் வேண்டாம். நித்திரை கொண்டு போய் யாழ்ப்பாணத்தில் கண் விழிக்கிற பிள்ளைக்கு இடையில் இருக்கிற நாடு தெரியாது. பகலில் ஓடுகிற ரயிலாகப் பார்த்து, கொழும்புக் கோட்டை நிலையத்தில் ஏறி, அவனை யன்னலோரம் இருத்துங்கள். வவுனியா, கிளிநொச்சி தாண்டி ஆனையிறவில் தண்ணீர் விரிகிறபோது அப்பா பேச்சைத் தொடங்கட்டும். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி ரயில், போரினால் 1990இல் யாழ்ப்பாணம் வராமல் நின்றது. மறுபடி யாழ்ப்பாணம் வந்து சேர 2014 ஒக்டோபர் ஆனது. அந்த இடைக்காலத்தில் கிளாலிக் கடலேரியில் இரவில் படகேறி வந்தவர்கள் எத்தனையோ பேர். உங்கள் கணவர் எப்படி வந்தார்? மகனுக்குச் சொல்லியிருக்கிறாரா? அறிவுரைக்குக் காது கொடுக்காத பிள்ளையும் அப்பா பட்ட பாட்டைக் கேட்கும்.

வீட்டுக்குப் போனதும் அவன் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். நல்லூர்க் காலம் பனம்பழக் காலமும் அல்லவா? என் மகளை அம்மம்மா பனம்பழம் பிசைய இருத்தினார். நாரைப் பிழியப் பிழியக் களி முழங்கை வரை மஞ்சளாக வழிந்தது. மணத்துக்கு மூக்கைச் சுளித்தவள், பணியாரம் எண்ணெய்யில் பொரியத் தொடங்கியதும் தாச்சிக்குப் பக்கத்தை விட்டு அசையவில்லை. இப்போது அவளே போன் எடுத்து, பழம் விழத் தொடங்கிவிட்டதா என்று அம்மம்மாவிடம் விசாரிக்கிறாள்.

கணவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். மகன் கொழும்புப் பிள்ளையாக இருப்பது ஒரு குறையே இல்லை. கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோயில் கருங்கல்லில் எழும்பி நூறு வருடம் தாண்டிவிட்டது. செட்டியார் தெருவில் புறப்படும் ஆடிவேல் ரதம் பம்பலப்பிட்டிக்கு வரும்போது அவனையும் வடம் தொட விடுங்கள். யாழ்ப்பாணத்தில் வேர் வேண்டும் என்பதற்காக இங்கே அவனை வாடகைக்கு இருப்பவன் போல வளர்க்காதீர்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

கேள்வி: மகள் சிங்களத் தோழிகளோடு வெசாக் தோரணம் பார்க்கப் போகிறாள், இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிற தன்சலில் வரிசையில் நின்று சாப்பிடுகிறாள். தமிழ் வாசிக்கவோ பஞ்சிப்படுகிறாள். நம் அடையாளம் போய்விடாதா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

தன்சலில் சாப்பிட்டு எந்த அடையாளமும் போகாது, ஐயா. தைப்பொங்கலுக்கு அதே தோழிகளை வீட்டுக்கு அழையுங்கள், மகளே பொங்கிக் கொடுக்கட்டும். ஏன் சூரியனுக்குப் படைக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டால், பதிலுக்கு உங்களிடம்தான் ஓடி வருவாள்.

வாசிப்பு விஷயத்தில் மட்டும் உங்கள் கவலை நியாயமானது. அதைத் தள்ளிப் போடாதீர்கள். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. நீங்களும் கூடப் போய், பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்கென்று ஒன்றை எடுத்து வாசியுங்கள். அவளுக்கானதை அவளே தெரிவு செய்யட்டும். சித்திரக் கதையாக இருந்தாலும் பரவாயில்லை.