கேளுங்க சொல்றோம்: கொதிதண்ணி ஊத்தியும் செவ்வெறும்பு ஏன் போகமாட்டேங்குது?

கேள்வி: தம்பி, பின்கட்டுல வடகம் காயப்போட்டா செவ்வெறும்பு மொய்க்குது. பேத்தி புத்து மேல காலை வச்சிட்டா, காலெல்லாம் கொப்புளம். சுண்ணாம்பு தடவினோம். புத்துல கொதிதண்ணி ஊத்தினோம், ரெண்டே நாள்ல நாலடி தள்ளி புதுப் புத்து. என்னதான் பண்றது?
– ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, முதல்ல பேத்தி கால பாப்போம். எறும்புக்கடின்னாலே பார்மிக் ஆசிட்ங்கிற அமிலம், அத சுண்ணாம்பு முறிச்சிடும்னு நினைச்சுத் தடவுறாங்க, ஆனா நீங்க சொல்ற செவ்வெறும்பு, அதாவது நெருப்பெறும்பு, அதோட விஷத்துல 95 சதவீதத்துக்கு மேல ஆல்கலாய்டுங்கிற வேற ரசாயனம்தான், அதுவும் தோலுக்குள்ள ஊசி போட்ட மாதிரி இறங்கிடுது, மேல தடவுற சுண்ணாம்பு அதை ஒண்ணும் பண்ணாது, பிள்ளை தோலுதான் வெந்து போகும். அது கடிக்கிறத கிட்டக்க பாத்தா தெரியும், தாடையால தோலக் கவ்விப் பிடிச்சுக்கிட்டு வயித்த வளைச்சு கொட்டும், பிடிய விடாம கொஞ்சம் திரும்பி மறுபடி கொட்டும், அதான் புள்ளி எல்லாம் வட்டமா இருக்கும். சோப்பு போட்டுக் கழுவி ஐஸ் ஒத்தடம் குடுங்க, கொப்புளத்த உடைக்காதீங்க. உள்ள சீழ் மாதிரி தெரியுறது கிருமியால வந்ததில்ல, உடைச்சாதான் கிருமி உள்ள போகும். மூச்சு வாங்குது, முகம் வீங்குது, உடம்பெல்லாம் தடிக்குதுன்னா ஒரு நிமிஷம் கூட யோசிக்காம 108-க்கு போன் பண்ணுங்க, அது அலர்ஜி, உயிருக்கே ஆபத்து.

இப்ப புத்து விஷயம். நம்ம பக்கம் நெருப்பெறும்புன்னா பெரும்பாலும் சொலினாப்சிஸ் ஜெமினாட்டாங்கிற இனம். இது நம்ம ஊர் எறும்பே இல்ல, அமெரிக்கா கண்டத்துல இருந்து 16-ம் நூற்றாண்டுல ஸ்பெயின்காரன் கப்பல்ல மெக்சிகோவோட அகாபுல்கோல இருந்து மணிலாவுக்கு வந்து அப்புறம் பரவினதுன்னு மரபணு ஆராய்ச்சி சொல்லுது. ஒரே புத்துல சின்னதும் பெரிசுமா இருக்கும், பெரிசுக்கு தலை மட்டும் சதுரமா உடம்புக்குப் பொருந்தாம பெருசா இருக்கும், அது விதை உடைக்கிறதுக்குன்னே வளந்த தலை. எள்ளு, கம்பு, புல் விதை எல்லாத்தையும் இழுத்துட்டுப் போயி உள்ள சேத்து வைக்கும். ஆச்சி வீட்டு வடகத்த விடுமா?

கொதிதண்ணி ஊத்தினா மேல இருக்கிற வேலைக்காரங்கதான் சாகுது. ராணி ஆழத்துல இருக்கு, தண்ணி அங்க போறதுக்குள்ள ஆறிடும், மிச்சம் இருக்கிறது ராணியக் கூட்டிக்கிட்டு தள்ளிப் போயிடுது. அமெரிக்கால நிறைய ஆராய்ஞ்ச இன்விக்டாங்கிற இன்னொரு வகை நெருப்பெறும்போட ராணி ஒரு நாளைக்கு 1500 முட்டை வரைக்கும் போடும், ஆறேழு வருஷம் கூட இருக்கும். ராணிய விட்டுட்டு மத்தத எவ்வளவு கொன்னாலும் பிரயோஜனம் இல்ல. மண்ணெண்ணெய் ஊத்தவே ஊத்தாதீங்க, மண்ணும் கெட்டு கிணத்துத் தண்ணியும் கெடும்.

ராணிகிட்ட எப்படிப் போறது? அதுங்க சாப்பாட்டு வழியாத்தான். வளந்த எறும்பால கெட்டியான சாப்பாட்ட முழுங்கவே முடியாது, நீராகாரம் மட்டும்தான் இறங்கும். கெட்டியா கொண்டு வர்றத கடைசிப் பருவப் புழுவோட, அதாவது வளந்த எறும்புக் குஞ்சோட வாய்க்கிட்ட வைக்கும், புழு அதக் கரைச்சு திரவமாக்கும், அத வாங்கி ராணி உட்பட எல்லாருக்கும் வாய்க்கு வாய் ஊட்டும். அந்தப் புழுதான் மொத்தக் குடும்பத்துக்கும் வயிறு! அதனால உடனே கொல்ற மருந்து வேலைக்கு ஆகாது, தூக்கிட்டுப் போறவன் வழியிலயே செத்துடுவான். மெதுவா வேலை செய்யுறதுதான் வேணும். 100 மில்லி தண்ணில 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் ஆசிட் கரைச்சு பஞ்சுல நனைச்சு, ஓட்டை போட்ட டப்பாக்குள்ள வச்சு எறும்பு போற வழியில வைங்க. வீரியம் வேணும்னு கூடப் போட்டுடாதீங்க, ஊட்டி முடிக்கறதுக்குள்ள செத்துடும். சில வாரம் ஆகும், பொறுமையா மாத்தி மாத்தி வைங்க, பேத்தி கைக்கு எட்டாத இடத்துல. எறும்பு சாக்பீஸ்ல இருக்கிறதும் பூச்சி மருந்துதான், பிள்ளை தவழுற தரையில தயவுசெஞ்சு கிழிக்காதீங்க.

கேள்வி: மழை நேரத்துல ஊருணித் தண்ணில எறும்பு திட்டுத் திட்டா மிதக்குதே, செத்ததா சார்?
– புதுவயல் வாசகர்

பதில்: உயிரோடதான் இருக்கு, கைய விட்றாதீங்க! வெள்ளம் வந்தா நெருப்பெறும்பு ஒண்ண ஒண்ணு கவ்விக்கிட்டு தெப்பமா ஆயிடும், ராணியும் குஞ்சும் அதுக்குள்ள. உடம்புல தண்ணி ஒட்டாது, நடுவுல காத்து நிக்கும், அதனால அடியில இருக்கிறதும் மூச்சு விடும். 2011-ல அமெரிக்காவோட ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்துல இத அளந்தே காட்டினாங்க. 2017-ல அமெரிக்காவோட ஹூஸ்டன் நகர வெள்ளத்துல தெருவெல்லாம் இந்தத் தெப்பம்தான்.

கேள்வி: 2022-ல நத்தம் பக்கம் கரந்தமலையில மாட்டுக் கண்ணெல்லாம் பாதிச்சதே, அதுவும் இதானா? எங்க மாமரத்து முசுறு?
– தேவகோட்டை வாசகி

பதில்: ரெண்டும் வேற. கரந்தமலைல வந்தது மஞ்சள் கிறுக்கெறும்பு, அதுக்குக் கொடுக்கு கிடையாது, பார்மிக் ஆசிட்ட பீச்சும், அதான் கண்ணு பாதிச்சது. முசுறு இலையத் தச்சு மரத்துல கூடு கட்டுறது, கடி வலிக்கும்தான், ஆனா மாமரத்துக்கு வர்ற பூச்சியப் பிடிச்சுத் திங்குது. காய் பறிக்கிறப்ப மட்டும் பாத்து ஏறுங்க, கூட்டக் கொளுத்தாதீங்க.